கிளவ் பாக்ஸில் ஒரு பச்சை விளக்கு

அவருடைய வண்டியில் இடது பக்க முன்சீட்டில் உட்கார்ந்து நான்கு வருஷம் ஆபீஸ் போனவள் நான். காலை எட்டரைக்கு மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி கேட்டில் ஏறினால், நிஜாமுதீன் பாலம் தாண்டி லோதி ரோட்டில் என்னை இறக்கிவிட்டு அவர் ஓக்லா போவார். வண்டிப் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. அவர் குடும்பம் இரண்டாம் மாடியில், நான் தரைத்தளத்தில் தனியாக. அவருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம், எனக்குத் திருநெல்வேலி. எப்போதும் பக்கத்திலிருந்தே பார்த்ததால் அவருடைய இடது காதும் இடது கன்னமும்தான் எனக்கு மனப்பாடம். முழு முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்த இடது கன்னம் ஒரு முறை பந்து மாதிரி வீங்கியது. பல்லில் சீழ். மே மாதத்து டெல்லி வெயிலில் மனிதர் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, யாருக்குக் குளிருது?"

"ஏசி காத்து ஒத்துக்கலீங்க அக்கா."

அன்றைக்கு வண்டியில் ஏசியே போடவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாராம். நான் திட்டினேன். "வலிக்குதுன்னு சொன்னா வரியா போடுவாங்க?" என்றேன். சிரித்தார். சிரிப்பிலும் பாதிதான் எனக்குத் தெரியும்.

இதாவது பல். ஒரு திங்கட்கிழமை வழக்கம்போல் எட்டரைக்கு வந்தார், வழக்கம்போல் ரேடியோவை மெல்லமாக வைத்தார், பாலத்தில் நெரிசலில் நின்றபோது என் ஆபீஸ் லிஃப்ட் பழுதான கதையைக் கேட்டு "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். லோதி ரோட்டில் நான் இறங்கிக் கதவைச் சாத்தப் போகும்போது, "அக்கா, நாளையிலிருந்து ஒரு பத்து நாளைக்கு வர மாட்டேனுங்க" என்றார். "ஏன், லீவா?" என்றேன். "அப்பா தவறிட்டாருங்க. வெடியால அஞ்சு மணிக்கு. பன்னெண்டு மணிக்கு ஃபிளைட்டு" என்றார். அப்பா செத்துக் கிடக்கிறார், இந்த மனிதர் நான் ஆபீசுக்கு லேட்டாகிவிடக் கூடாதென்று வண்டியோட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நடுரோட்டில் நின்று அழுதது நான்தான். அவர் ஹாரன் சத்தத்துக்கு மரியாதை கொடுத்து வண்டியை எடுத்துவிட்டார்.

அவருடைய வண்டியும் அப்படியேதான். ஜப்பான்காரன் செய்த செடான், மங்கிய வெள்ளி நிறம், பின்கண்ணாடியில் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி. பார்த்தால் ரிட்டயரான வாத்தியார் வண்டி. ஆனால் அந்த என்ஜின் பேர்போனதாம், ஓட்டத் தெரிந்தவர்கள் அதற்காகவே பழைய வண்டியைத் தேடி வாங்குவார்களாம். ஸ்பிரிங், பிரேக், சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றியிருந்தார். வெளியே எதுவும் தெரியாது. மற்றப் பையன்கள் பானெட்டைத் திறந்து பளபளக்கிற குழாயெல்லாம் காட்டி போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அவருக்கு அது கட்டோடு பிடிக்காது.

"பானெட்டைத் தொறந்தா ஒண்ணும் தெரியக் கூடாதுங்க அக்கா. கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கோணும். ஓட்டறவனுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

இதை நூறு தடவை சொல்லியிருப்பார். எங்கள் சொசைட்டி தண்ணீர் மோட்டார் ஒரு வாரம் படுத்தபோது ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ச் சரிசெய்துவிட்டு, மூடியைப் பழையபடி தூசியோடு மாட்டி வைத்தவர் அவர். செக்ரட்டரி தான் போட்ட போன்களால்தான் மோட்டார் ஓடுகிறதென்று கூட்டத்தில் பேசினார். இவர் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

நான்காம் வருஷம் ஜூலையில் ஒரு நாள் என் மூக்குக்கண்ணாடியை அவர் வண்டியில் விட்டுவிட்டேன். கண்ணாடி இல்லாமல் நான் கோப்பைத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியாது. அவர் மொபைலை எடுக்கவில்லை. ஆபீஸ் நம்பர் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன், போட்டேன். ஒரு பெண் எடுத்து, "அவர் இப்ப இங்க வேலை பாக்கலையே மேடம், ரெண்டு மாசம் ஆச்சு" என்று ஹிந்தியில் சொன்னாள்.

இரண்டு மாசமாக அவர் தினமும் எட்டரைக்கு வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கழுத்தில் கம்பெனிக் கயிறு. அடுத்த நாள் உற்றுப் பார்த்தேன். கயிற்றின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். நுனியில் அட்டை இல்லை.

பாலம் ஏறும் வரை பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தம்பி, உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன்."

வண்டியின் வேகம் குறையவில்லை. இடது காது மட்டும் சிவந்தது.

"வீட்ல சொல்லிப்போடாதீங்க அக்கா."

"ஏய்யா, பொண்டாட்டிகிட்ட மறைக்கிற விஷயமா இது? ரெண்டு மாசம்! காலையில கிளம்பி எங்கதான் போறீங்க?"

"மாயாபுரிக்குங்க. ஒரு சர்தார்ஜி வெல்டிங் பட்டறை. வண்டியில ஒரு வேலை நடக்குது. அது முடிஞ்சா எல்லாஞ் சரியாயிரும். வேற வேலை கெடைச்ச பொறகு, மாத்திக்கிட்டேன்னு ஒரே வார்த்தையா அவகிட்ட சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீங்க மூச்சு விடாதீங்க."

விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். புத்தி கெட்டவள். அவள் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள், கார்த்திகைக்குப் பொரியுருண்டை கொண்டுவந்து கொடுக்கிறவள். அவளை விட்டுவிட்டு இவர் பக்கம் ஏன் சேர்ந்தேன்? அவர் குரல் அப்படி இருந்தது. நாற்பத்து மூன்று வயது ஆம்பிளை குரலில் அப்படி ஒரு கெஞ்சலை நான் அதுவரை கேட்டதில்லை.

இருபது இடத்துக்கு மேல் எழுதிப்போட்டிருந்தார். கூப்பிட்ட இரண்டு இடத்திலும் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவனுக்கு அவரில் பாதி வயதாம். கடைசியில் நொய்டாவில் ஒரு பெரிய கராஜ்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார். வண்டிகளை இன்னும் வேகமாக ஓடும்படி மாற்றித் தரும் இடம் அது. தலைமை ஆள் ஒருவர் தேவை. "சர்ட்டிபிகேட் வேண்டாம், நீயே செய்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டு. நவம்பரில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்" என்றாராம். அதற்குள் இன்னொரு கத்தி தலைக்கு மேலே. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயதானால் ரோட்டில் எடுக்கக் கூடாது, பிடித்துக்கொண்டு போய் உடைத்துவிடுவார்கள். அவர் வண்டிக்கு டிசம்பரில் பதினைந்து முடிகிறது. ஆக அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதை விட்டால் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை, வீட்டில் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

டர்போ வைக்கப் போகிறேன் என்றார். அதைப் பற்றி நான் கேட்காமலே என் தலையில் ஏற்றினார். என்ஜினிலிருந்து வெளியே போகிற புகை சும்மாதானே போகிறது, அந்த வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற விட்டால் அதே தண்டிலிருக்கும் இன்னொரு சக்கரமும் சுற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பலம் கூடும். எல்லோரும் அதை என்ஜினுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இவர் வண்டியில் முன்னால் விரல் நுழையக்கூட இடமில்லை.

"பின்னால வெக்கறேனுங்க. டிக்கிக்கு அடியில சைலன்சரைக் கழட்டிப்போட்டு அந்த எடத்துல. காத்தைக் குழாய்ல அடிவழியா முன்னால கொண்டாந்தரலாம்."

"இடமில்லைன்னு பின்னால போறீங்களா, மறைக்கணும்னு போறீங்களா?"

"ரெண்டுந்தானுங்க" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாசங்களில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அது.

வம்பு எண்ணெயில்தான். அந்தச் சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு அதற்கு என்ஜின் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலிருந்தால் எண்ணெய் தானாக வடிந்து என்ஜினுக்குத் திரும்பிவிடும். பின்னால், அதுவும் தாழ்வாக இருந்தால் திரும்பாது. ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்பு இழுத்து அனுப்ப வேண்டும். பம்பு நின்றுபோனால் எண்ணெய் பின்னாலேயே நிறைந்து வழிந்து, எரிந்து, புகையாகப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் என்ஜின் காய்ந்து இறுகிப்போகும். ஆகவே பம்பு ஓடுகிறதா என்று காட்ட ஒரு பச்சை விளக்கு. ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதிரே வைக்க வேண்டிய விளக்கு.

அவர் எங்கே வைத்தார் தெரியுமா? என் சீட்டுக்கு எதிரே கிளவ் பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, வண்டிக் காகிதங்களெல்லாம் வைப்பார்களே, அதற்குள். ஒரு மூலையில், மிளகு அளவு. டாஷ்போர்டில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் ஏறும்போது என்ன ஏது என்று கேட்பார்களாம். பம்புக்குப் போகும் ஒயரையும் விளக்கின் ஒயரையும் சேர்த்து என் சீட்டுக்கு அடியில் கம்பளத்துக்குக் கீழே விட்டு, தைத்து, அடையாளமே இல்லாமல் செய்துவிட்டார்.

அக்டோபரிலிருந்து நான்தான் அவருடைய மீட்டர். சீட் பெல்ட் போட்டதும் கிளவ் பாக்ஸைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும்.

"எரியுதுங்களா அக்கா?"

"எரியுது தம்பி."

பாலத்தில் ஒரு முறை, சராய் காலே கான் தாண்டி ஒரு முறை. என்னை இறக்கிவிட்ட பிறகு அவர் தனியாகத்தான் போகிறார், பெட்டியைத் திறந்தே வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்வார். "அணைஞ்சா மட்டும் ஒடனே சொல்லீருங்க, அடுத்த நொடி நிறுத்தீர்றேன்" என்பார். ஐம்பத்திரண்டு வயதில், அரசாங்க ஆபீசில் ஒரு செக்‌ஷனையே அதட்டுகிறவள், மிளகு விளக்கைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மாதம் அது அணையவே இல்லை. ஒரு நாள் காலை ரோடு காலியாக இருந்தது. மிதித்துக் காட்டினார். முதலில் ஒன்றுமில்லை, ஒரு மூச்சு கழித்துப் பின்னாலிருந்து ஒரு விசில், பிறகு யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. "அட ராமா!" என்று கத்திவிட்டேன். அவர் இடது கன்னம் முழுக்கச் சந்தோஷம். வேலை இருந்த நாட்களில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

பொல்யூஷன் சோதனைக்காரன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "ஏக்தம் ஒரிஜினல் ஹை", அத்தனையும் ஒரிஜினல் என்று சொன்னானாம். அதை நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு அவர்களோடு கோவிலுக்குப் போனேன். பின்சீட்டில் நான் அவருக்குப் பின்னால், மகள் எனக்குப் பக்கத்தில். டெல்லியிலேயே பிறந்த பெண், தமிழ் அவள் வாயில் நொண்டும். "பப்பா, பீச்சே யாரோ சீட்டி அடிக்கிறாங்க" என்றது, பின்னால் யாரோ விசிலடிக்கிறார்களாம். அவர், "ரோட்டுல யாரோ போலீஸ்காரன் ஊதறானுங்க கண்ணு" என்றார். மனைவி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நினைத்தேன்.

அவள் ஸ்கூல் டீச்சர், ஐந்தடிகூட இல்லாத உருவம், குரலும் சின்னது. ஒரு சனிக்கிழமை காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தாள்.

"ஏனுங்க அக்கா, இவருக்கு ஆபீஸ்ல ஏதாச்சும் டென்சனுங்களா? சரியாவே தூங்கறதில்லீங்க. சட்டையில மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதுங்க."

என் கையில் முருங்கைக்காய். அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "எல்லா ஆபீஸ்லயும் டென்ஷன்தாம்மா. வண்டியில ஏதாவது கசிஞ்சிருக்கும்."

"வேலை நல்லாத்தான போகுதுங்க?"

"நல்லாத்தான் போகுது."

"சரீங்க அக்கா" என்றாள். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அந்த முருங்கைக்காயைத் தூக்கி எறிந்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அந்த ஞாயிறு வந்தது. டெல்லி நவம்பர், எட்டு மணிக்கும் எதிர் பிளாக் தெரியாத புகைமூட்டம். பழைய நண்பன் ஒருவன் கிரேட்டர் நொய்டாவில் கூப்பிட்டிருக்கிறான், எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை, என்னை இறக்கிவிட்டுப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். உண்மையில் நான் விளக்கைப் பார்க்கத்தான் போகிறேன். பத்து மணிக்கு டிராக்கில் நிற்க வேண்டும். அவர் சவரம் செய்த இடத்தில் இரண்டு வெட்டு.

முன்சீட்டில் ஏறினேன், பெட்டியைத் திறந்தேன், எரிந்தது. "எரியுது தம்பி." "நல்லதுங்க அக்கா." அப்போதுதான் மாடிப்படியில் அவள் இறங்கி வந்தாள், நல்ல புடவை கட்டி, பை எடுத்துக்கொண்டு.

"பாப்பா டான்ஸ் கிளாசுல இருக்கறா, மத்தியானந்தான் வருவா. நானும் வர்றேனுங்க."

வேண்டாம் என்று எந்தக் காரணம் சொல்வது? நான் இறங்கினேன். புருஷன் ஓட்டும்போது பெண்டாட்டி பக்கத்தில் உட்காராமல் அடுத்த வீட்டுக்காரி உட்காருவதா? பின்னால் போய் அவள் சீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்தேன். நான் உயரம், முழங்கால் இடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். "அக்காவுக்குக் கால் வெக்க எடமில்லீங்களே" என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியை இழுத்து, தன் சீட்டை முன்னுக்குக் கடைசிவரை தள்ளிக்கொண்டாள். பிறகு கிளவ் பாக்ஸைத் திறந்து கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை உள்ளே வைத்து மூடினாள். நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், அவள் கை மறைத்ததில் உள்ளே எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அவர் நடுக்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நான் பார்த்தபோது எரிந்துகொண்டுதானே இருந்தது!

நொய்டா எக்ஸ்பிரஸ்வே ஏறினோம். பின்கண்ணாடி பனியில் வெளுத்திருந்தது. எனக்கு ஏதோ தீய்ந்த வாசம் வந்தது. டெல்லியில் அந்த மாதத்தில் எல்லாமே தீய்ந்த வாசம்தான். ஆனாலும் மனசு கேட்காமல் சால்வை நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ரோடு தெரியவில்லை. பனி தரையிலிருந்து எழும்பாது. இது எங்கள் வண்டிக்கு அடியிலிருந்து கிளம்பி, நீலமாக, கொத்துக் கொத்தாக.

இன்றைக்கும் அந்த இடத்தில் என் நினைப்பு நின்றுவிடும். "தம்பி, பம்பு நின்னுபோச்சு, நிறுத்து" என்று கத்த வேண்டியதுதானே? நாக்கு நுனிவரை வந்தது. முன்னால் அவள் தலை தெரிந்தது, பூ வைத்த தலை. பம்பு என்றால் என்ன பம்பு என்பாள். ஆறு மாசக் கதையும் அந்த ரோட்டிலேயே கொட்டிவிடும். இன்னும் அரைமணி நேரம் தாண்டினால் வேலை கிடைத்துவிடும், ஒன்றுமே கொட்டாமல் போய்விடும். நான் சொன்னது இதுதான்:

"தம்பி, எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"அஞ்சே நிமிசமுங்க அக்கா. முன்னால ஒரு பெட்ரோல் பங்க் இருக்குது, அங்க நிறுத்தறேன்."

"இப்பவே நிறுத்துங்க."

"இந்தப் பனியில ஓரத்துல நிறுத்துனா பின்னாடி வர்ற லாரிக்காரன் ஏத்திருவானுங்க."

கண்ணாடியில் அவர் கண்ணைத் தேடினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வாயைத் திறந்தேன். டாஷ்போர்டில் சிவப்பாக எண்ணெய் விளக்கு எரிந்தது. கூடவே முன்னாலிருந்து இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி இழுத்துக்கொண்டே போய் ஓரத்தில் நின்றது.

சாவியைத் திருகினார். டக். மறுபடி டக். இறங்கிப் போய்ப் படுத்து அடியில் பார்த்தார். நல்ல சட்டை, இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டை, முதுகெல்லாம் கறுப்பு. போன் அடித்தது. எடுத்து, நிமிர்ந்து நின்று, குரலைச் சரிசெய்துகொண்டு, "பஸ் தஸ் மினிட் சர், தோடா டிராஃபிக் ஹை" என்றார், இன்னும் பத்தே நிமிஷமாம், கொஞ்சம் நெரிசலாம். வைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருகினார். செத்த என்ஜினை அப்படித் திருகக் கூடாதென்று அவருக்குத் தெரியாதா? இருபது தடவை திருகியிருப்பார். பத்தரைக்குப் போன் மறுபடி அடித்தபோது அவர் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓய்வதைப் பார்த்தார்.

அவள் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. கிளவ் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பச்சை லைட்டு எரியலைங்க" என்றாள்.

அவர் ஜன்னலருகே வந்தார். "எந்த லைட்டு?"

"அக்கா தெனமும் பெட்டியைத் தொறந்து பாக்கறது மாடியிலேர்ந்து தெரியுங்களே, அந்த லைட்டுங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"எல்லாம் தெரியுமுங்க. உங்க கூட வேலை பாத்தவரு வீட்டம்மா எங்க ஸ்கூல்லதான இருக்கறாங்க. வேலை போன மறுவாரமே சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க ஒடைஞ்சு போயிருவீங்கன்னு வாயத் தொறக்கல. இன்னிக்கு எங்க போறீங்கன்னும் தெரியுங்க, நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஜெயிச்சா பக்கத்துல நிக்கலாம்னுதான் வந்தேன்."

"அப்ப லைட்டு... எப்ப அணைஞ்சுது?"

"கெளம்பும்போதே எரியலீங்க. விபூதி வெக்கறப்பவே பாத்தனுங்க." அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "நான் வர்றேன்னு நீங்கதான் அணைச்சு வெச்சிட்டீங்கன்னு நெனச்சேனுங்க. கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

அவர் அந்தத் தார்ரோட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். கையால் மறைக்கக்கூட இல்லை. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன், அவர் முகம் முழுசும் தெரிந்தது. இன்று எனக்கு நினைவிருக்கும் முழு முகம் அது ஒன்றுதான்.

அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வண்டியைக் கயிறு கட்டி மாயாபுரிக்கு இழுத்துப் போனோம். செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன், அவரைத் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது. சர்தார்ஜி என்ஜினைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பம்பு நல்லாத்தான் இருக்கு ஜி" என்று நேரே கரன்ட் கொடுத்து ஓட்டிக் காட்டினார். பிறகு என் சீட்டைக் கழற்றினார். சீட் நகர்கிற தண்டவாளம் ஒயரின் மேலேறி, கத்தரியில் வெட்டினதுபோல் இரண்டு துண்டாக்கியிருந்தது. நான் உட்கார்ந்த நாளெல்லாம் அந்த சீட் ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. என் உயரத்துக்குப் பின்னால் தள்ளியே கிடந்தது. அவள்தான் முன்னுக்கு இழுத்தாள், எனக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமென்று.

நான் அவரைப் பார்த்தேன். அவர் அறுந்த இரண்டு நுனியையும் விரலில் பிடித்துச் சேர்த்துப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இதை அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. எப்பவும் சொல்லிப்போடாதீங்க."

டிசம்பரில் வண்டியை உடைக்கக் கொடுத்தார். மகளின் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார். இப்போது மாமனார் வழியில் யாரோ வைத்திருக்கும் மோட்டார் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறாராம். பஸ்ஸில்தான் போய்வருகிறாராம். வண்டி வாங்கலாம் என்றால் பேச்சை மாற்றிவிடுகிறாராம். எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போன் போடுவாள். அவரிடம் கொடு என்றால், "வெளிய போயிருக்கறாருங்க அக்கா" என்பாள். பின்னால் அவர் இருமுவது கேட்கும்.

போன பொங்கலுக்குப் பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு அந்த லைட்டு ஏனுங்க எரியல? இவரைக் கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்கதான கூடப் போனீங்க, சர்தார்ஜி என்னங்க சொன்னாரு?"

"பழைய பம்பும்மா. அதுவா நின்னுபோச்சாம்" என்றேன்.

"அப்புடிங்களா" என்றாள். "சரீங்க அக்கா" என்றாள், அன்றைக்குக் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் சொன்னாளே, அதே குரலில்.